நீரில் நின்ற லாரியை உருட்டுவதற்கு முன்

நீ பொல்பிட்டியவிலிருந்து போட்ட தபால் அட்டை நேற்று முன்தினம் வந்தது. சாப்பாடு பரவாயில்லை என்றும், ஆறு பெருகியதில் வேலைத்தளத்து லாரி ஒன்று இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றுவிட்டது என்றும் எழுதியிருந்தாய். இழுத்துக் கரையேற்றிய பிறகும் அது கிளம்பவில்லை என்கிறாய். அதைக் கிளப்பிக் காட்டுகிறவனிடமே அந்த லாரியை ஓட்டக் கொடுப்பதாக உங்கள் மேற்பார்வையாளர் சொன்னாராம். ராகலை பஜாரில் விஷயம் தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறாய். அட்டையில் இடம் தீர்ந்துபோன ஓரத்தில், முத்திரைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. "அப்பாவிடம் கேட்க வேண்டாம்."

அந்த லாரி இன்னும் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரை அதன் ஸ்டார்ட்டரைத் தொடாதே. ஆட்களைக் கூட்டித் தள்ளவும் விடாதே. பேட்டரியின் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வை. அவ்வளவுதான் இப்போதைக்கு. நான் மெக்கானிக் யாரையும் விசாரிக்கவில்லை. ஏன் விசாரிக்கவில்லை என்பதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தாள் எடுத்திருக்கிறேன். நம் இருவருக்கும் பதினேழு வயதுதான் வித்தியாசம். நீ நடக்கப் பழகிய காலத்தில் நான் சோறு வடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அதனாலோ என்னவோ, உனக்குப் புத்தி சொல்லும் உரிமை எனக்கு முழுதாக வந்ததாக நான் எப்போதும் நினைத்ததில்லை. இந்தக் கடிதத்தில் வருவதைப் புத்தி என்று எடுத்துக்கொள்ளாமல், நடந்தது என்று எடுத்துக்கொள். வேறு யார் கையில் இது கிடைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

உன் அப்பா தோட்டத்து லாரி டிரைவராக இருந்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். அந்த லாரி புதிதாக வந்தபோது அதன் இருக்கைக்கு அடியில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. படங்களோடு, எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது, எது கெட்டால் என்ன செய்வது என்று எழுதிய புத்தகம். ஆபீசில் யாரும் அதைக் கேட்கவில்லை. அப்பா துவாலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் நுவரெலியாவில் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலமும் சேர்த்துப் படித்தவள். என் அப்பா அங்கே ஒரு துணிக்கடையில் வேலையில் இருந்ததால் கிடைத்த படிப்பு அது. கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த பிறகு பருப்புச் சுற்றி வந்த பத்திரிகைத் தாளிலிருந்து, மருந்து கொடுக்கும் ஐயா இரவல் தந்த நாவல்கள் வரை, எழுத்து என்று கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்தேன். லாரிப் புத்தகத்தையும் அப்படித்தான் வாசிக்கத் தொடங்கினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அப்பா, வீட்டுக்குப் பின்னால் லாரியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நான் பின்வாசலில் அரிசி புடைப்பது போல உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்வேன். யாராவது வரும் சத்தம் கேட்டால் புத்தகம் முறத்தில் அரிசிக்கு அடியில் போய்விடும். ஒருமுறை அதன் நடுப்பக்கத்தில் இருந்த அரிசியை அப்பா அடுத்த வாரம் கண்டுபிடித்து, லாரிக்கும் சோறு போட்டிருக்கிறாயா என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பாகத்தின் மேல் அவர் விரல் இருக்கும்.

இது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லோர் முன்னாலும், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை, "நம்ம டிரைவருக்கு ரெண்டு ஸ்டீயரிங். ஒன்னு லாரியில இருக்கு, இன்னொன்னு வீட்ல அரிசி பொடைக்குது," என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு என்னிடம் சொன்னார்: "வீட்டுக்குள்ள நீ எவ்வளவு வேணும்னாலும் படி புள்ள. ஆனா நாலு பேர் முன்னால லாரியைப் பத்தி வாயைத் தொறக்காத." நான் சரி என்றேன். எனக்கு அது கஷ்டமான நிபந்தனையாகவும் இல்லை. நாலு பேர் முன்னால் பேசுவது எனக்கு எந்த விஷயத்திலும் வராது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு மெல்ல நின்றுபோனது. மீதிப் பக்கங்களை நான் தனியாக வாசித்து முடித்தேன். வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. மலை உச்சியில் குடியிருக்கிற எங்களுக்கு இது எதற்கு என்று நினைத்து, அதை அவரிடம் சொல்லாமலே புத்தகத்தை மூடி வைத்தேன்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் ஐப்பசி மழை இங்கே பத்து நாள் விடவில்லை. உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, ராகலையில் சித்தி வீட்டில் இருந்தாய். அதனால் நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை. பிறகு மற்றவர்கள் வாயிலிருந்துதான் கேட்டாய். மேல் டிவிசனில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு, அதைத் தேயிலையாக்கும் ஸ்டோருக்கு இறங்கும் பாதையில், ஓடையின் குறுக்கே சப்பாத்துப் பாலம் ஒன்று இருக்கிறது. சாதாரண நாளில் சக்கரம் நனையும் அளவுக்குத் தண்ணீர் அதன் மேல் ஓடும். அன்றைக்கு அதிகமாக ஓடியது. அப்பா லாரியை நிறுத்தி, கம்பை ஊன்றித் தானே இறங்கி நடந்து பார்த்திருக்கிறார். முழங்காலுக்கு மேல் இருக்கிறது, காத்திருக்கலாம் என்றாராம். கூட வந்த கணக்கப்பிள்ளை, கொழுந்து சாக்குக்குள் சூடேறிக் கெட்டுப்போனால் தோட்டத்தை நடத்தும் துரைக்கு யார் பதில் சொல்வது என்று நெருக்கியிருக்கிறார். அப்பா அப்படியும் அரைமணி நேரம் காத்திருந்து, தண்ணீர் வடிந்ததைக் கம்பு வைத்துப் பார்த்த பிறகே லாரியை இறக்கினார். பாதித் தூரம் போனபோது மேலே எங்கோ அணை போல் அடைத்திருந்த மண் உடைந்து தண்ணீர் மொத்தமாக வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளை ஸ்டார்ட்டரை அமுக்கச் சொல்லிக் கத்தியபோது அப்பா அமுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளையைத் தூக்கிக் கொழுந்து மூட்டைகளின் மேல் ஏற்றி, கயிறு வந்த பிறகு அவரைத்தான் முதலில் கரைக்கு அனுப்பினார். இவ்வளவும் சரியாகச் செய்த மனிதர் அவர். இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கணக்கப்பிள்ளையும் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. துரை காரில் வந்து வளைவில் நின்று பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் லாரி தன் எஞ்சினில் ஓடி ஸ்டோர் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லியனுப்பினார். வராவிட்டால் டிரைவர் மறுநாள் கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டுக்கு வரலாம். தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற வேலை அது. டிரைவர் வேலை போனால் அதற்காகக் கொடுத்த வீடும் போகும். இரண்டு அறையும் வாசலில் குழாயும் உள்ள அந்த வீட்டை விட்டு, நாங்கள் மறுபடி வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பிராவுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அன்றைக்குப் பகல் முழுதும் அந்த ஓடைக்கரையில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும்.

முப்பது பேர் கயிறு கட்டி லாரியைக் கரையேற்றினார்கள். ஓடையைத் தாண்டிய பாதை கொஞ்சம் ஏறி, பிறகு ஸ்டோர் வரை ஒரே இறக்கம். மேட்டின் மேல், மூக்கு பள்ளத்தைப் பார்க்க, கல் வைத்து நிறுத்தினார்கள். நான் தேத்தண்ணிப் போத்தலோடு போய்ச் செடி ஓரத்தில் நின்றேன். கொழுந்து எடுக்கும் பெண்களும் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "டிரைவரண்ணே, தலைக்கு ஊத்துன வண்டிக்குச் சாம்பிராணி போடுங்க, சளி புடிச்சுக்கும்," என்று ஒருத்தி சொல்ல, மற்றவள், "துவட்டி விடப் பொண்டாட்டி வந்து நிக்குது பாரு," என்றாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. லாரியின் முன்னால், எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். அது கால் சுற்றுப் போய் நின்றது. பின்னுக்கு எடுத்து மறுபடி சுற்றினார். அதே இடத்தில் நின்றது. கல்லில் மோதியது போல, இம்மியும் அசையாமல்.

அந்த இடத்தில் ஹாண்டில் நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே கண் முன்னால் இருந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலேறும்போது அங்கே இருக்கும் காற்றை நசுக்கிக்கொண்டுதான் ஏறும். காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. உள்ளே தண்ணீர் நிற்கும்போது வலுக்கட்டாயமாகச் சுற்றினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும், அல்லது முறியும். ஆகவே ஹாண்டில் நின்றால் அங்கேயே விட்டுவிடு, பிளக்குகளைக் கழற்று, தண்ணீருக்கு வெளியேற வழி கொடு, பிறகு சுற்று. புத்தகத்தில் நாலே வரி. வேலையும் அரைமணி நேர வேலை. பிளக் கழற்றும் சாவி லாரியிலேயே இருந்தது.

ஆனால் நம் மலையில் வண்டி கிளப்பும் வழக்கம் உனக்குத் தெரியும். குளிரில் பேட்டரிக்கு எப்போதும் உயிர் போதாது. அதனால் எந்த டிரைவரும் வண்டியை இறக்கத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவான். காலையில் பிரேக்கை விட்டு, உருள விட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் எஞ்சின் பேசும். ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்து போயிருக்கும். சமதரையில் வண்டி நிறுத்துகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் இது. அங்கே நின்ற முப்பது பேரும் அப்படிக் கிளம்பும் வண்டிகளை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் சொல்லவில்லை. பெரிய கங்காணி முன்னால் வந்து சொன்னார்: "டிரைவரு, இந்த மலையில எந்த வண்டி ஹாண்டில் போட்டுக் கெளம்பியிருக்கு? எறுகிப் போய்க் கெடக்கு. எறக்கத்துல விடுங்க, தானாப் பேசும்." ஆட்கள் லாரியின் பின்னால் கை வைத்துத் தயாராக நின்றார்கள்.

எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் பதினைந்து அடி இருந்திருக்கும். பிளக்கைக் கழட்டுங்க என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்தப் பதினோரு வருஷத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமான காரணம்தான் முதலில் வரும். வாக்குக் கொடுத்திருந்தேன், கணக்கப்பிள்ளை நின்றார், துரையின் கார் வளைவில் நின்றது, அத்தனை பேர் முன்னால் அவரை நான் திருத்தினால் அவருக்கு என்ன மரியாதை. இதெல்லாம் பொய் இல்லை. ஆனால் இவை மட்டும் காரணமும் இல்லை. புத்தகம் எழுதியவன் எங்கள் மலையைப் பார்த்திருப்பானா, முப்பது பேர் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று பயம் இருந்தது. அதற்கும் அடியில் கொஞ்சம் கோபம் இருந்தது. வாயைத் திறக்காதே என்றீர்களே, இதோ திறக்கவில்லை, பாருங்கள் என்கிற கோபம். அளவில் மிகச் சின்னது. ஆனால் அன்றைக்கு என் வாயை மூடியது அதுதான் என்று நினைக்கிறேன். புத்தகங்களில் இப்படிப்பட்ட மனிதர்களை வாசிக்கும்போது எனக்கு எளிதில் புரிந்துவிடும். நானே அப்படி நின்றபோது புரியப் பல வருஷம் ஆனது.

முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் ஈரத்தில் பற்றவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்தார். கல்லை எடுத்துத் தள்ளினார்கள், லாரி உருண்டது, வேகம் பிடித்தது, அவர் கிளச்சை விட்டார். பின்சக்கரம் இரண்டும் அப்படியே பிடித்துக்கொண்டு சேற்றில் சறுக்கின. எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மாவு மூட்டை தரையில் விழுவது போல, மொத்தமாக, ஒரே ஒரு தடவை. பிறகு லாரி பாதையோர மண்கரையில் சாய்ந்து நின்றது. ஆட்கள் இன்னொரு தடவை தள்ளுவதா என்று கேட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்பா இறங்கி, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மெக்கானிக் பார்க்கும் வரை துரை பொறுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து நுவரெலியாவிலிருந்து மெக்கானிக் வந்து எஞ்சினைப் பிரித்தார். ராட் ஒன்று வளைந்து, எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. "ஹாண்டில் நின்னுச்சா அண்ணே?" என்று அவர் கேட்க, அப்பா, நின்னுச்சு என்றார். "அப்பவே பிளக்கைக் கழட்டி விட்டிருந்தா அன்னைக்கே ஓட்டிட்டுப் போயிருப்பீங்களே," என்றார் அந்த மனிதர். குத்திக் காட்டவில்லை, தொழில்காரர் தொழில்காரரிடம் சொன்னதுதான். ஆனால் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றார். சாயங்காலத்துக்குள் மேல் டிவிசன் வரை தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அப்பா கத்தியோடு பெரட்டுக்குப் போனார். நாங்கள் வீட்டைக் காலி செய்து நாலு நடையில் சாமான்களை லயத்துக்குச் சுமந்தோம். நீ ராகலையிலிருந்து வந்தபோது நேரே பழைய வீட்டுக்கு ஓடிப் போய், வேறு யாரோ குழாயில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாய். என்ன நடந்தது என்று நாங்கள் உனக்குச் சொல்லவில்லை.

லாரியை முழுக வைத்தவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதற்காக நீ ஒருவனின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாய். பதினாலு வயதில் ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பாவுக்கு உண்மையிலேயே வண்டி ஓட்டத் தெரியாதாம்மா?" என்று அவர் முன்னாலேயே என்னிடம் கேட்டாய். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். ஓடைக்கரையில் பேசாமல் நின்றதற்காவது பயம், கோபம் என்று காரணம் சொல்ல முடிகிறது. அன்றைக்கு ரசம் ஊற்றியதற்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. உன் தபால் அட்டையின் ஓரத்து வரி அந்த நாளிலிருந்துதான் வந்திருக்கிறது. அதை எழுத வைத்தவள் நான் என்று தோன்றியதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அட்டையையும் காட்டினேன், ஓரத்து வரியோடு. அவர் அதைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். பிறகு லாரியைப் பற்றிப் பேசினார். பதினோரு வருஷமாக லாரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நீ பெட்ரோல் லாரி என்று எழுதியிருப்பதால் இந்த வேலைகளைச் செய்து வைக்கச் சொல்கிறார். பிளக்குகளைக் கழற்றும்போது எந்தக் கம்பி எந்தப் பிளக்குக்கு என்று வேறு வேறு நிற நூல் கட்டிக்கொள். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஹாண்டிலைச் சுற்று, ஓட்டைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல். தண்ணீர் பீய்ச்சும். அது நின்ற பிறகும், முழுச் சுற்று லேசாகப் போகும் வரை சுற்று. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்று. எஞ்சின் ஆயிலை அதன் அளவு பார்க்கும் கம்பியில் தொட்டுப் பார். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுதையும் அடியில் திறந்து வடித்துவிட வேண்டும். கிளம்பிக் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அதையும் வடித்து இன்னொரு தடவை மாற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கியின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும், கார்புரேட்டரின் கிண்ணத்திலும் தங்கியிருக்கும், இரண்டையும் வடி. காற்று போகும் வடிகட்டியைக் கழற்றிக் காயப்போடு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கலாம் என்று நான் முதலில் எழுதியிருந்தேன். அவர் உடனே நிறுத்தினார். "அடிச்சுரு. பிளக்கை வேணும்னா நெருப்புல காட்டலாம். மூடியைக் காட்டுனா மயிர் மாதிரி வெடிப்பு விடும், கண்ணுக்கே தெரியாது. காஞ்ச துணியால தொடைச்சு, ஊதி ஊதி எடுக்கணும்." புத்தகத்தில் இது இல்லையே என்றேன். "புத்தகத்துல இல்லாததும் கொஞ்சம் இருக்குமுல்ல புள்ள," என்றார். கியர்ப் பெட்டியிலும் பின் அச்சிலும் உள்ள ஆயிலையும் பார்க்கச் சொன்னார். கிளம்பிவிட்டது என்று மகிழ்ச்சியில் இறக்கத்தில் விட்டுவிடாதே, நனைந்த பிரேக் பிடிக்காது, சமதரையில் மெல்ல ஓட்டிக் காலால் அழுத்தி அழுத்திக் காய வைத்த பிறகே சரிவுக்குப் போ என்றும் எழுதச் சொன்னார்.

பிறகு நான் செடி ஓரத்தில் நின்ற பகுதியை வாசித்தேன். கோபம் என்று எழுதிய இடத்தையும் விடாமல் வாசித்தேன். அவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நீ நின்னதப் பார்த்தேன். நீ ஏதோ சொல்ல வர்றன்னும் தெரிஞ்சுது. ஹாண்டில் நின்னப்ப எனக்கே கை கூசிச்சு, உள்ள என்னமோ இருக்குன்னு. உன்னக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம். அத்தன பேரு பார்க்கிறாங்களேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஏறி ஒக்காந்துட்டேன்."

நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று கேட்டேன்.

"அன்னைக்கா? கேட்டிருக்க மாட்டேன்," என்றார். "வீட்டுக்கு வந்து உன்னத்தான் கத்தியிருப்பேன்."

இதையும் எழுதவா என்றேன். எழுது என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்தில் மெக்கானிக் பெயர் எதுவும் இல்லை. உன் அப்பா கணக்கப்பிள்ளையிடம் மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, மகன் வேலை செய்யும் இடத்தில் தண்ணீரில் நின்ற லாரி ஒன்றைக் கிளப்ப வேண்டும் என்று பெரட்டில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம். சிரித்தார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நுவரெலியா போய், அட்டன் வழியாகப் பின்னேரத்துக்குள் உன்னிடம் வந்து சேருவார். கடிதம் அதற்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

அங்கே உன் மேற்பார்வையாளர் இருப்பார், உன்னோடு வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள், பெரிய இயந்திரங்களை எல்லாம் கையாளப் படித்தவர்கள் இருப்பார்கள். இவர் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கையோடும், மழைக்குப் போடும் பழைய கோட்டோடும் அவர்கள் நடுவில் வந்து நிற்பார். லாரியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். எதையாவது தொடுவதற்கு முன்னால், தொடலாமா என்று உன் பக்கம் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது சொல்லிச் சிரிக்கக்கூடும். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.